பிடுங்கிய பல்லுக்குக் கையெழுத்து உண்டு, காப்பாற்றிய பல்லுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி ஒரே மாதிரியான படம் ஒன்று வருகிறது. பின்னால் பேனர். நடுவில் தலைமையாசிரியர், ஊர்ப் பெரியவர், பொன்னாடை போர்த்திய விருந்தினர். முன்னால் நாற்காலியில் வாயை அகலத் திறந்தபடி ஒரு பிள்ளை. அதன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் பல் மருத்துவ மாணவர். இலவசப் பல் பரிசோதனை முகாமில் இத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று கீழே இரண்டு வரி. அந்த எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பிள்ளையின் பல்லுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று மட்டும் எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை. முகாம் நடத்தியவர்களைக் கேட்டாலும் தெரியாது. தெரிந்துகொள்வதும் தங்கள் வேலைதான் என்று அந்த மாணவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் டாக்டர் இல்லை. தக்கலையிலும் நாகர்கோவிலிலும் பல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது டெக்னீஷியன் என்கிறார்கள். பல் செட்டு, கேப், பிரிட்ஜ் எல்லாம் டாக்டரே செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் அளவு எடுத்து அனுப்புவார். அந்த அளவில் ஸ்டோன் என்ற கெட்டிப்படும் மாவைக் கரைத்து ஊற்றி, வாயின் நகலாக மாடல் எடுத்து, மெழுகு வைத்து, பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வேகவைத்து, பாலீஷ் போட்டுக் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பது அபூர்வம். ஆனால் அவருடைய வாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். டாக்டருக்குக் கிடைப்பது எச்சில் ஊறும் வாயில் சில நிமிடப் பார்வை. எங்களுக்கு மேலும் கீழும், உள்ளும் புறமும், மேசை விளக்கு வெளிச்சத்தில் அரை நாள்.

அப்படிப் பார்த்ததில் ஒன்று சொல்கிறேன். முன்பல் ஒன்று கட்டச் சொல்லி வேலை வரும். பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரும். ஆல்பத்தில் சிரிக்க வேண்டுமே. சீட்டில் முன்பல்லைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கும். மாடலைத் திருப்பினால் கீழ்க் கடவாயில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ காலி இடம். சிரித்தால் தெரியாது என்பதால் அதை யாரும் கட்டச் சொல்வதில்லை. காலி இடத்துக்குப் பின்னால் இருந்த பல் முன்னே சாய்ந்திருக்கும். மேலே உள்ள எதிர்ப்பல், தடுக்க ஆளில்லாமல் கீழே இறங்கியிருக்கும். இருபது வயதைத் தாண்டாத வாயில் இது. போன பல் எது என்று பார்த்தால் மாடலுக்கு மாடல் அதே பல்தான். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடவாய்ப் பல்.

இந்தப் பல் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. பால் பல் எதுவும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் வெறுமனே கிடக்கும் ஈற்றில் முளைக்கிறது. ஒன்றும் விழாததால், புதிதாக ஒன்று வந்ததை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அதில் கறுப்பு விழும்போது, 'பால் பல்லுதானே மக்ளே, விழுந்து மொளைக்கும்' என்று ஆச்சி சொல்லிவிடுவார். இது விழுந்தால் மறுபடி முளைக்காது. இதன் மேல்புறத்துப் பள்ளங்கள் பிரஷ்ஷின் நார் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. முளைத்து முழு உயரத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிரஷ் மற்ற பற்களின் மேலேயே ஓடும், இது தாழ்ந்து கிடக்கும். இந்தப் பள்ளங்களை சீலன்ட் என்ற பூச்சால் மூடிவிடலாம். துளை போட வேண்டாம், ஊசி வேண்டாம். எச்சில் படாமல் காயவைத்துப் பூச, ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள். நான் பார்த்த மாடல்களில் காணாமல் போயிருந்த கடவாய்ப் பற்களில் எத்தனையோ அந்தச் சில நிமிடங்களில் தப்பியிருக்கும்.

என் தங்கை மகள் பல் மருத்துவம் படித்து இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். வெளி மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி. அவளிடம் சீலன்ட் பற்றிக் கேட்டேன். பாடத்தில் இருக்கிறதாம். வகை, பொருள், பூசும் முறை எல்லாம் ஒரு மூச்சில் ஒப்பித்தாள். 'எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டிருப்பே?' என்றேன். 'ஒண்ணு ரெண்டு இருக்கும் மாமா. அதுக்கெல்லாம் பெரிசா கோட்டா கிடையாது' என்றாள்.

கோட்டா என்றால் வெளியாட்களுக்குத் தெரியாது. கிளினிக் வருடங்களில் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு நோட்டு இருக்கும். இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பேருக்கு ஊத்தை எடுக்க வேண்டும், இத்தனை முழு பல் செட்டு முடிக்க வேண்டும் என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு முடியவில்லை என்றால் பரீட்சைக்கு ஆபத்து. பரீட்சை நெருங்க நெருங்க இவர்கள் நோயாளி தேடி அலைவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். என் லேபுக்கே வந்து, 'அங்கிள், முழு செட்டு வேணும்னு யாராவது கேட்டா எங்ககிட்ட அனுப்புங்க, பஸ் காசு நாங்க குடுத்துடுறோம்' என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. வாயில் ஒரு பல்கூட இல்லாத தாத்தா கிடைக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வயதுப் பெண் நேர்ச்சை போடுகிற படிப்பு இது!

நான் தங்கை மகளிடம் இன்னொன்றும் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை ஒரு சொத்தைகூட வராமல் நீ பார்த்துக்கொண்டால், அதை நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவாய்?

அவள் சிரித்துவிட்டாள். 'வராத சொத்தைக்கு யாரு மாமா சைன் போடுவா?'

பிடுங்கவும் அடைக்கவும் கற்றுக்கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கை பழகாத டாக்டர் யாரும் என் வாய்ப் பக்கம் வர வேண்டாம். கணக்கு வைத்தால்தான் மாணவர் செய்வார் என்பதும் உண்மை. நான் சொல்வது அதைத்தான். எதற்குக் கணக்கு வைக்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். தடுப்பு என்பது வகுப்பில் கேட்டு, தாளில் எழுதி, வெளியே வந்ததும் மறக்கிற விஷயமாகப் போய்விட்டது. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்று தனிப் பாடமே இருக்கிறது. அது பரீட்சைக்கு வருவது கடைசி வருடத்தில், மற்ற பெரிய பாடங்களோடு சேர்ந்து. அந்த நெருக்கடியில் எந்தப் பிள்ளை அதற்கு மனம் கொடுக்கும்?

ஆனால் முதல் வருடத்திலேயே இவர்கள் மெழுகில் பல் செதுக்குகிறார்கள். மெழுகுக் கட்டியைக் கையில் வைத்து, கடவாய்ப் பல்லின் மேடு எது, பள்ளம் எது, எந்தப் பள்ளம் எங்கே போய்ச் சேர்கிறது என்று ராத்திரி கண்விழித்துச் சுரண்டுவார்கள். சிலர் எங்களிடமும் வந்து கற்றுக்கொள்வதுண்டு. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் அந்தப் பள்ளத்தை அவ்வளவு நெருக்கமாகப் பார்ப்பது அந்த வயதில் மட்டும்தான். அந்த நேரத்தில் அவன் கையைப் பிடித்து, 'இதற்குள் பிஸ்கட் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாளைக்கு ஒன்றாம் வகுப்புக்குப் போய் இந்தப் பள்ளத்தை ஒரு பிள்ளையின் வாயில் கண்டுபிடித்துக்கொண்டு வா' என்று சொன்னால், அது பாடமாகவா இருக்கும்? ரத்தத்தில் ஏறிவிடும். செதுக்கிய மெழுகுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, சீலன்ட்டை மூன்று வருடம் கழித்து வேறொரு ஆசிரியர் வேறொரு அறையில் சொல்லிக் கொடுக்கிறார்.

முகாமில் என்ன பேசுகிறார்கள் என்றும் கவனித்திருக்கிறேன். கை நீளத்துக்கு ஒரு பிரஷ், அதற்கேற்ற பெரிய பல் செட்டு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. 'இனிப்பு சாப்பிடலாமா?' என்று அக்கா கேட்க, 'கூடாது' என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்துவார்கள். பள்ளி விட்டதும் அதே பிள்ளைகள் எதிரே உள்ள பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட் வாங்கி, வீடு சேரும்வரை ஒவ்வொன்றாக நக்கித் தின்றுகொண்டு போவார்கள். பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்பது இல்லை. சொன்னது அவர்கள் வாழ்க்கையில் எங்கேயும் போய் ஒட்டவில்லை.

சர்க்கரையை வாயில் உள்ள கிருமி அமிலமாக மாற்றுகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்தோடு கரையத் தொடங்குகிறது. எச்சில் வந்து அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை வாயில் வைத்தோம் என்பதே பெரிது. இதை உறுதிசெய்த பழைய ஆராய்ச்சி ஒன்று 1940-களில் ஸ்வீடனில், விபேஹோல்ம் என்ற மனநல விடுதியில் நடந்தது. சம்மதம் சொல்லக்கூட இயலாதவர்களுக்கு ஒட்டும் மிட்டாயைக் கொடுத்துக் கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்தார்கள். அநியாயம்தான். அந்த அநியாயத்தில் கிடைத்த அறிவையாவது ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டாமா?

நம் ஊருக்கு இதை எப்படிச் சொல்வது? கல்யாண விருந்தில் அடைப் பிரதமன், பருப்புப் பாயசம், பால் பாயசம் என்று மூன்றையும் இலையில் வாங்கி ஒரே இருப்பில் முடிக்கிறவரைவிட, சாயங்காலம் முழுவதும் மிட்டாயை வாயில் ஒதுக்கிவைத்திருக்கும் பிள்ளையின் பல்லுக்குத்தான் கேடு அதிகம். (சுகர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பாயசத்துக்கு ஓட வேண்டாம், நான் பல்லை மட்டும் சொல்கிறேன்.) குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிறவர் சீனி போட்ட கட்டன் சாயாவோடுதான் நாளைத் தொடங்குவார். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளில் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு ராத்தூக்கத்தை விரட்டுவதும் அதே கட்டன்தான். அவர்களிடம் போய் 'இனிப்பைத் தவிருங்கள்' என்றால் சிரிப்பார்கள். 'ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிப்பீங்க? அதில் எத்தனை தடவை சீனி இல்லாமல் குடிக்க முடியும்? சீனி போட்டதைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ள முடியுமா?' என்று கேட்கத் தெரிந்த மாணவன்தான் படித்தவன். கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்று கட்டாயம் கேட்பார்கள். கருப்பட்டிக் காப்பி எனக்கும் உயிர். ஆனால் வாய்க் கிருமிக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான்.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் மோசம். நாள் முழுக்க முந்திரி ஆலையில் நின்று வீடு திரும்பும் தாய், பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று சீனி போட்ட பால் குப்பியை வாயில் வைத்துப் படுக்க வைக்கிறாள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு. பால் அப்படியே பல்லில் தேங்கும். மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து மொட்டையாகி, கீழ் முன்பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தால், குப்பிதான் காரணம் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். கீழ்ப் பல்லை நாக்கு மூடிக் காத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்குத் தெரியும். அந்தத் தாயிடம் குற்றம் சாட்டாமல் பேசத் தெரியாது. சீனியைப் படிப்படியாகக் குறைத்து, குப்பியில் தண்ணீரை மட்டும் வைப்பது வரை அவளைக் கொண்டுபோக நாலைந்து சந்திப்பு வேண்டும். ஒரு நாள் முகாமில் அது நடக்காது.

பேஸ்ட் விஷயமும் அப்படித்தான். பல்லைக் காப்பதில் பிரஷ்ஷைவிட பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடுக்குத்தான் பங்கு அதிகம் என்பதே நம் வீடுகளுக்குத் தெரியாது. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஃபுளோரைடு அளவு 1000 பி.பி.எம். என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்? மூலிகை என்று இலைப் படம் போட்ட பல பேஸ்ட்டுகளில் அது இருப்பதில்லை. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கவும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துப்பியபின் தண்ணீர் விட்டு அலசி அலசிக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும், துப்பினால் போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும், முக்கியமாக ராத்திரி படுக்கும் முன். இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எந்த முகாமிலும் நான் கேட்டதில்லை.

இதிலும் இடம் பார்த்துப் பேச வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பல் கறைபட்டு, எலும்பு வரை பாதித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த ஊர் மாணவர் குமரிக்கு வந்து ஃபுளோரைடு என்றாலே பயப்படுவார். இங்கிருந்து போகிறவர் அங்கே கேட்காமல் எழுதிக் கொடுத்துவிடுவார். முதலில் ஊர்த் தண்ணீரின் அளவைப் பார், பிறகு வாயைத் திற என்பதையும் களத்தில் வைத்துத்தான் சொல்லிக் கொடுக்க முடியும்.

இனி உமிக்கரி. எங்கள் தாத்தாவெல்லாம் உமிக்கரியும் மாவிலையும் வைத்துத் தேய்த்து எண்பது வயதில் முறுக்குக் கடித்தார் என்று யாராவது சொல்வார்கள். தாத்தா காலத்தில் ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட் இல்லை. அதோடு, உமிக்கரி தேய்த்த வாய்களின் மாடல்கள் எனக்கு நன்றாகத் தெரியும்: ஈற்றை ஒட்டிய இடத்தில், அரம் வைத்து ராவியதுபோல் பல்லின் கழுத்தில் வெட்டு. பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போகும். இதை ஒரு மாணவர் கேலி செய்யாமல் அந்தப் பெரியவரிடம் சொல்லிப் புரியவைக்கட்டும், அதற்கு நான் மதிப்பெண் போடுகிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது முறுக்கான் என்று நாங்கள் சொல்லும் வெற்றிலை பாக்கு விஷயத்தில். தக்கலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நெய்யூர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் வேலை பார்த்ததை நம் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஆர் (Orr) என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-ல் லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். நம் பாட்டன் பாட்டிகளின் கன்னத்தைப் பார்த்து எழுதியது அது. தொண்ணூறு வருடம் தாண்டிவிட்டது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்டுவிட்டது. தமிழ்நாட்டில் குட்கா 2013 முதல் தடை. கிடைக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல் செட்டுக்கு அளவு எடுக்க வந்தவரிடம் 'முறுக்கான் போடுவீங்களா, எத்தனை வருஷமா, ராத்திரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவீங்களா' என்று கேட்கும் பழக்கம் இன்னும் எல்லோருக்கும் வரவில்லை.

நோயாளியிடம் அவருடைய மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடச் சொல்லிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். விரல் நுழையாமல் வாய் இறுகியிருந்தால், காரம் பட்டால் எரிந்தால், கன்னத்தின் உட்புறம் வெளிறிப் போயிருந்தால், அது பாக்கு செய்த வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவும் உடனே மேல் பரிசோதனைக்குப் போக வேண்டும். வாய் இறுகியதால் அளவு எடுக்கும் டிரேயே நுழையாமல், பாதிப் பாதியாக எடுத்து ஒட்டிக் கொடுத்த வேலைகள் எங்களிடம் வந்திருக்கின்றன. அந்த அளவுகளை அனுப்பியவர்கள் பல் செட்டு எப்படிப் பொருந்தும் என்று போனில் விசாரித்தார்கள். வாய் ஏன் இறுகியது என்று அந்த நோயாளியைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. முதல் வருடம் சேரும் மாணவர்களை நாலைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிடமும் ஒரு அங்கன்வாடியையோ தொடக்கப் பள்ளியையோ ஒப்படைத்துவிடுங்கள். படிப்பு முடியும்வரை அதே பள்ளி, அதே பிள்ளைகள். மூன்று வயதில் பார்த்த பிள்ளைக்குக் கடவாய்ப் பல் முளைக்கும்போது அதே அண்ணன், அதே அக்கா அங்கே இருக்க வேண்டும். அந்தப் பல் எட்டிப் பார்க்கும் மாதத்தை அவர்கள் குறித்து வைத்து, பேராசிரியர் மேற்பார்வையில் சீலன்ட் போட வேண்டும். கடைசி வருடத்தில் பரீட்சகர் அந்தப் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். எத்தனை முகாம் நடத்தினாய் என்று கேட்க வேண்டாம். நீ வந்தபோது எத்தனை சொத்தை, இப்போது புதிதாக எத்தனை என்று மட்டும் கேட்கட்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் வரிசையாக நின்று கை கழுவி, ஃபுளோரைடு பேஸ்ட் வைத்துப் பல் தேய்க்கும் வழக்கத்தைக் கல்வித் துறையே கொண்டுவந்தது. டாக்டர் வேண்டாம், டீச்சர் போதும். நம் பள்ளிகளில் காலை உணவும் உண்டு, மதிய உணவும் உண்டு. தட்டுக் கழுவும் குழாயும் இருக்கிறது. அதே குழாயடியில் ஒரு பிரஷ் ஸ்டாண்ட் வைக்க என்ன தடை? அதைத் தொடங்கிவைத்து, விடுமுறைக்குப் பிறகும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதை மாணவர்களின் வேலையாக்கலாம்.

ஏற்கெனவே சொத்தையான பால் பற்களுக்கு எஸ்.டி.எஃப். என்ற சொட்டு மருந்து இருக்கிறது. சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் சொத்தை பெரும்பாலும் மேலே பரவாமல் நிற்கும். மெஷின் சத்தம் இல்லை, அழுகை இல்லை. ஃபுளோரைடு பேஸ்ட்டையும் இந்த மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் மருந்து பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லி, படம் காட்டி, சம்மதம் வாங்கித்தான் வைக்க வேண்டும். சொல்லாமல் வைத்தால் அடுத்த நாள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும், அந்தப் பள்ளிக்குள் மறுபடி நுழைய முடியாது.

பேச்சுக்கும் பரீட்சை வேண்டும். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேள்வி கேட்கிறார், மாணவர் இங்கிலீஷில் பதில் சொல்கிறார். அந்த நாற்காலியில் ஒரு நாள் களியக்காவிளைப் பக்கத்து ஆச்சி ஒருவரை உட்கார வைத்து, 'பேரனுக்கு ராத்திரி குப்பிப் பால் ஏன் கூடாது என்று இவருக்குச் சொல்லு' என்று விட்டுப் பாருங்கள். ஆச்சி குறுக்குக் கேள்வி கேட்பார். பேராசிரியரைவிடக் கடுமையாகக் கேட்பார்.

1948-ம் வருடத்துப் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிவிட்டது. பாடத்திட்டத்தைத் திருத்த இதைவிட நல்ல நேரம் வராது. பாடத்தை இன்னும் கூட்டச் சொல்லவில்லை. நோட்டில் ஒரு பக்கம் கூட்டுங்கள் என்கிறேன். ஆணையம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். எந்தக் கல்லூரி முதல்வரும் நினைத்தால் தன் கல்லூரி நோட்டில் அந்தப் பக்கத்தை ஒட்டிவிட முடியும்.

சொத்தையே வராவிட்டால் டாக்டர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று என் பழைய லேப் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், எங்கள் பிழைப்பும் அதில்தானே இருந்தது. ஜப்பானில் 1989-ல் '8020' என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 80 வயதில் 20 சொந்தப் பல் இருக்க வேண்டும் என்பது குறி. தொடங்கும்போது பத்தில் ஒருவருக்குக்கூட அது இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. ஜப்பானில் பல் டாக்டர்கள் யாரும் கடையைச் சாத்திவிட்டுப் போகவில்லை. பல் இருக்கிறவன்தான் பல் டாக்டரிடம் திரும்பத் திரும்ப வருவான். எல்லாப் பல்லையும் பிடுங்கி முழு செட்டு மாட்டிக்கொண்டவன் எங்களிடம்கூட உடைந்தால்தான் வருவான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முகாம் செய்தி வரும்போது உங்கள் நிருபர்கள் 'அடுத்து எப்போது வருவீர்கள்? போன தடவை பார்த்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?' என்ற இரண்டு கேள்வியையும் கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

வேலை முடிந்தபின் உடைத்துப் போட மனம் வராமல் வைத்திருந்த மாடல்கள் என் வீட்டு மச்சில் நிறைய இருக்கின்றன. சாய்ந்த பல், இறங்கிய பல், உமிக்கரி வெட்டு, பாதிப் பாதியாக எடுத்து ஒட்டிய இறுகிய வாய் எல்லாம் உண்டு. பென்சிலில் எழுதியிருந்த பெயர்களைச் சுரண்டி எடுத்துவிட்டேன். முதல் வருட மாணவர்களுக்குக் காட்ட எந்தக் கல்லூரிக்காவது வேண்டுமென்றால் உங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்பட்டும், இலவசமாகவே தருகிறேன். ஸ்டோன் என்பதால் கனம் அதிகம். ஆட்டோக் கூலி மட்டும் அவர்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மெக்கானிக்,
தக்கலை.